விட்ட நாலாம் நாள்

எனக்கு வந்த வருத்தத்துக்கு ஊரில் மூன்று பெயர் இருக்கிறது. என் மகள் ரெஜினா அதை உப்புக் குறைவு என்கிறாள். கோவில் பெண்கள் நரம்புத் தளர்ச்சி என்கிறார்கள். கருவாடு ஏற்ற வருகிற சிங்கள முதலாளி, புருஷன் இல்லாத கவலை என்று தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். நான்காவதாக ஒரு பெயரும் உண்டு. அதை வாய்விட்டுச் சொன்ன மனிதன் இப்போது சேமக்காலையில் மண்ணுக்குள் கிடக்கிறான். அவன் சொன்னது உண்மை என்று எழுதி வைக்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு அறுபத்தாறு வயது. கற்பிட்டிப் பக்கம் ஒரு கரைவலைக்குச் சொந்தக்காரி. தோணி போய் வலையைக் கடலில் வளைத்துப் போட, கரையில் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கயிற்றைப் பிடித்து இழுப்பார்களே, அந்த வலை. என் மனுசன் இருக்கும்வரை வலையை நடத்துகிற சம்மாட்டி அவர். சண்டை முடிந்த அடுத்த வருடம் மாரடைப்பில் அவர் போக, வலையும் இருபத்திரண்டு ஆட்களும் என் தலையில் விழுந்தார்கள்.

எங்கள் கரையில் ஒரு பழக்கம். வலை ஏறியதும், மீனைப் பங்கு பிரிக்க முன், இழுத்த ஒவ்வொருவனுக்கும் ஒரு தகரப் பேணி சாராயம். உடம்பு நோவுக்கு என்பார்கள். ஊற்றுவது சம்மாட்டி வீட்டுப் பெண்ணின் வேலை. ஆண்கள் கையில் போத்தலைக் கொடுத்தால் அடிபிடி வரும். முப்பத்தைந்து வருடம் நான்தான் ஊற்றினேன். பிந்தி வந்தவனுக்கு அரைப் பேணி. வாய் காட்டினவனுக்கு ஒன்றுமில்லை. தள்ளாடுகிறவனைக் கூப்பிட்டு, மணலில் நேராக நடந்து காட்டச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைப்பேன். எனக்கு இளகிய மனம் என்று இதுவரை எவரும் சொன்னதில்லை.

மனுசனின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து சனம் கலைந்த பிறகு, நித்திரை வராமல், அதே பேணியில் எனக்கும் ஒன்று ஊற்றினேன். நித்திரை வந்தது. அவ்வளவுதான் தொடக்கம். பிறகு இரண்டு பேணி. பிறகு விடியவும் ஒன்று, இல்லாவிட்டால் விரல்கள் சொல்லுக் கேட்காது. வீட்டில் சாராயப் போத்தல் இருப்பதை எவர் சந்தேகப்படுவார்? அது தொழில். மணத்தைப் பற்றியும் கவலை இல்லை. கருவாட்டு மணத்துக்கு முன்னால் வேறெந்த மணமும் நிற்காது.

ஆனால் நான் விசுவாசி. தவக்காலம் நாற்பது நாளும் இறைச்சியையும் சாராயத்தையும் தொடமாட்டேன். செவ்வாய் இரவு கடைசிப் பேணி. விபூதிப் புதன் காலை நெற்றியில் சாம்பல். முதல் வருடங்களில் தலையிடியும் வியர்வையும் வந்து போயின. ஒரு வருடம் செபமாலை பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. அம்மா செபிக்கும்போது உடம்பெல்லாம் நடுங்குகிறது என்று ரெஜினா பங்குச் சாமியாரிடம் பெருமையாகச் சொன்னாள். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

இந்த வருடம் சாம்பல் பூசிய மறுநாள், வியாழக்கிழமை, கருவாடு காயப் போட்ட இடத்தில் வலிப்பு வந்து விழுந்தேன். நாக்கைக் கடித்து வாயெல்லாம் இரத்தம். வேனில் ஏற்றி மதுரங்குளி தாண்டிக் கொண்டு போனார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. அங்கே எனக்கு மருந்து கொடுத்தவர்கள் எவரும் கெட்டவர்கள் இல்லை.

வாட்டில் என்னைப் பார்த்த டொக்டர் ஓர் இளம் சிங்களப் பையன். கேள்வியெல்லாம் ரெஜினாவிடம்தான். என் வயது, என் பிரஷர், நான் சாப்பிடுகிற அளவு, வயிற்றால் போகிற அளவு, எல்லாவற்றையும் எனக்கு மேலால் கதைத்தார்கள். அவள் பள்ளிக்கூட ரீச்சர், சிங்களம் நன்றாக வரும். எனக்கு அவளைவிட நன்றாக வரும். நான் சிங்கள வியாபாரிகளோடு கிழமைக்கு ஆறு நாள் வாய்ச்சண்டை பிடிக்கிறவள். ஆனால் கட்டிலில் படுத்திருக்கும் கிழவிக்குக் காது கேட்கும் என்று யாரும் நினைப்பதில்லை.

கடைசியாக அவர் கேட்டார், அம்மா மது ஏதும் பாவிப்பாவா என்று.

ரெஜினா சிரித்தாள். "அம்மாவா? டொக்டர், அம்மா தவக்காலத்தில தேத்தண்ணிக்கு சீனி கூட போடமாட்டா" என்றாள். அவரும் வெட்கப்பட்டுச் சிரித்து, கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டு, அட்டையில் இல்லை என்று எழுதினார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மயக்கத்தில் இல்லை, நல்ல தெளிவு. ஒரு சொல் சொல்லியிருக்கலாம். மகளின் சிரிப்பு அவ்வளவு அழகாக இருந்தது, அதைக் கெடுக்க மனம் வரவில்லை என்று பிறகு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பொய். இருபத்திரண்டு பேரை மணலில் நடக்க வைத்துச் சிரித்தவள் நான். என்னை யாரும் நடக்க வைத்துப் பார்க்கக் கூடாது, அதுதான் காரணம்.

இரத்தம் எடுத்தார்கள். தலையை ஸ்கான் பண்ணினார்கள். சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்த்தார்கள். இரத்தத்தில் உப்புக் குறைவு, அதனால் வலிப்பு வந்திருக்கலாம் என்றார்கள். உப்பளத்துப் பக்கம் பிறந்து கருவாட்டில் வளர்ந்தவளுக்கு உப்புக் குறைவாம். ரெஜினா அந்தச் சொல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இன்றுவரை விடவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரத்திலிருந்து நான் நானாக இல்லை. சுவரில் சின்னச் சின்னச் சிவப்பு நண்டுகள் ஏறின. கட்டில் காலடியில் என் ஆட்கள் இருபத்திரண்டு பேரும் பேணியை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். என் கையில் போத்தல் இல்லை. சேலைன் ஊசியைப் பிடுங்கி எறிந்திருக்கிறேன். ஊசி போட வந்த மிஸியின் கையைக் கடித்திருக்கிறேன். பிறகு இரண்டு கையையும் பண்டேஜ் துணியால் கட்டிலோடு கட்டிவிட்டார்கள். உடுப்போடு நனைந்து கிடந்தேன். "உன்னைப் பெத்ததுக்கு ஒரு தோணி வாங்கியிருக்கலாம்" என்று ரெஜினாவைப் பார்த்துச் சொன்னேனாம். அவளுடைய புருஷன் இத்தாலிக்குப் போய்த் திரும்பி வராதது அவளுடைய மூஞ்சியைப் பார்த்துத்தான் என்றும் சொன்னேனாம். வாட்டு முழுவதும் கேட்டதாம். இதெல்லாம் எனக்கு நினைவில்லை. ஆனால் சொன்னது வேறு ஆள் என்று தப்பிக்கவும் முடியாது. சுகமாக இருந்த காலத்தில் மனதுக்குள் வைத்திருந்ததுதான் வெளியே வந்தது.

வயது போனால் மூளை குழம்பும், கிருமியோ உப்போ சரியாக மூளையும் சரியாகும் என்று சொல்லிவிட்டார்கள். நான் செத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை நோயாளர் பார்க்கும் நேரத்தில் சவரிமுத்து வந்தான். எங்கள் வலையில் தென்பக்கக் கயிற்றின் தலை ஆள். என்னைவிட இரண்டு வயது கூட, ஆனால் தொழிலில் நான் பெரியவள் என்று அக்கா என்றே கூப்பிடுவான். கரையில் நான் அதிகமாக நடக்க வைத்துச் சிரித்தது அவனைத்தான். அன்று நடந்ததைப் பக்கத்துக் கட்டிலில் இருந்த மதுரங்குளி முஸ்லிம் பெண் பிறகு எனக்குச் சொன்னாள்.

அவன் என் கட்டின கையைப் பார்த்தானாம். நடுங்குகிற விரல்களைப் பார்த்தானாம். நேரே ரெஜினாவிடம், "மகள், அக்கா எப்ப கடைசியாக் குடிச்சவ?" என்று கேட்டானாம்.

"என்ன கதை இது?"

"உனக்குத் தெரியாதா? எங்க எல்லாருக்கும் தெரியும். ஒரு நாளைக்கு அரைப் போத்தலுக்கு மேல. எங்களுக்கு ஊத்துற கையில நடுக்கம் இருந்தா, அண்டைக்கு அவ இன்னும் எடுக்கேல்ல எண்டு அர்த்தம். தவக்காலத்துக்கு விட்டிட்டா போல. டொக்டரிட்ட சொல்லு."

ரெஜினா வாட்டு நடுவில் அவன் கன்னத்தில் அறைந்தாள். "குடிகாரன்ட கதைய இங்க கொண்டு வராத. நாளையிலிருந்து எங்கட வலையில கை வைக்காத" என்றாள்.

"நாளைக்கு ஏன், இப்பவே விடுறன். ஆனா இண்டைக்கு டொக்டரிட்ட சொல்லு" என்றுவிட்டு, அவள் அசையாததைக் கண்டு, அவனே மிஸியின் மேசைக்குப் போய்ச் சிங்களத்தில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னானாம்.

"அந்த மனுசன் வராட்டி நீங்க மௌத்தாப் போயிருப்பீங்க" என்றாள் மதுரங்குளிப் பெண்.

அன்று பின்னேரமே மருந்து மாறியது. மூளையை ஆற்றுகிற மருந்து ஊசியில் ஏறியது. குடிக்கிறவர்களின் உடம்பில் தீர்ந்துபோகிற ஒரு விற்றமினும் ஏறியது. திங்கள் காலை சுவரில் நண்டுகள் இல்லை. ரெஜினா என் கைக்கட்டை அவிழ்த்து, தண்ணீர் கொண்டுவந்து, கால்விரல் இடுக்குகள்வரை தேய்த்துக் கழுவிவிட்டாள். தலையைச் சிக்கெடுத்து இழுத்துப் பின்னினாள். பின்னி முடித்ததும், நான் நித்திரை என்று நினைத்தாளோ, கேட்கட்டும் என்று நினைத்தாளோ, "இதைவிட நீங்க செத்திருந்தா எனக்கு அழ வசதியா இருந்திருக்கும்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை மனநோய்ப் பிரிவிலிருந்து ஒரு டொக்டர் பிள்ளை வந்தாள். புத்தளத்து முஸ்லிம் பிள்ளை, முக்காடு போட்டு, மெலிந்த முகம். வந்ததும் ரெஜினாவை வெளியே இருக்கச் சொன்னாள். "அம்மாவப் பத்தி நான் அம்மாட்டயே கேக்கிறன்" என்றாள். கதிரையை இழுத்து, என் முகத்துக்கு நேரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த ஆஸ்பத்திரியில் என் கண்ணைப் பார்த்துக் கதைத்த முதல் ஆள் அவள்தான்.

அவள் குடிக்கிறீங்களா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்றிருப்பேன்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு எடுப்பீங்க அம்மா? கால் போத்தல்?"

"கூட."

"அரை?"

"ஓம்."

அவள் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. பிரஷர் மாத்திரை எத்தனை என்று கேட்கிற அதே குரல். எப்போதிருந்து, விடிய எடுப்பீங்களா, நித்திரை எப்படி, சாப்பாட்டில் விருப்பம் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டாள். பிறகு, "இருக்கிறதைவிடச் சாகலாம் எண்டு நினைச்சிருக்கிறீங்களா?" என்றாள்.

"ஓம்" என்றேன். கடலைப் பார்த்துக்கொண்டு நின்ற சில பின்னேரங்களைச் சொன்னேன். என் மனுசன் செத்ததிலிருந்து என்னிடம் அப்படி ஒரு கேள்வியை எவரும் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்தது. ஊரில் என் கண்ணீரைப் பார்த்தவர் இல்லை. ஓர் அந்நியப் பிள்ளை பார்த்தாள்.

அவள் சொன்னதை நான் விளங்கிக்கொண்ட விதம் இது. சாராயம் மூளையை ஒரு பக்கம் இழுக்கிறது. மூளை விழாமல் இருக்க மறுபக்கம் இழுத்துப் பழகிவிடுகிறது. வருடக்கணக்காக இழுத்த பிறகு ஒரு பக்கத்தார் கயிற்றைத் திடீரென்று விட்டால் மற்றப் பக்கத்தார் மல்லாந்து விழுவார்கள் அல்லவா, அதுதான் வலிப்பு, அதுதான் நண்டுகள். வயது போன உடம்பென்றால் அடி இன்னும் பலம். ஒவ்வொரு முறை விட்டுத் தொடங்கும்போதும் அடுத்த முறை மோசமாகும். குடித்ததற்கு அடியில் ஒரு மனச்சோர்வும் இருக்கிறது, அதற்கும் மருந்து இருக்கிறது என்றாள்.

"விடத்தான் வேணும். ஆனா டொக்டர்மாரிட்ட சொல்லி, மருந்தோட விடணும். விட்டு ரெண்டு, மூண்டு, நாலாம் நாள்தான் பயம். கை நடுங்கி, நித்திரையில்லாம, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிஞ்சா ஒரு நிமிசம் தாமதிக்காம ஆஸ்பத்திரிக்கு வரோணும். உங்கட ஊரில ஆருக்கும் இப்பிடி வந்தாலும் சொல்லுங்க அம்மா. நீங்க சொன்னாக் கேப்பாங்க."

"சொல்லுறன்" என்றேன்.

பிறகு ரெஜினாவையும் கூப்பிட்டு இருத்திக் கதைத்தாள். இது வெட்கக்கேடு இல்லை, வருத்தம்; அம்மாவைக் குடிகாரி என்று சொல்லாதீர்கள், மறைக்கவும் செய்யாதீர்கள், மறைத்தால் திரும்ப வரும் என்றாள். ரெஜினா, பாடம் கேட்கிற பள்ளிப்பிள்ளை மாதிரித் தலையை ஆட்டினாள். வெளியே போனதும் என்னிடம், "உப்புக் குறைவு. ஆர் கேட்டாலும் உப்புக் குறைவு" என்றாள். வீட்டுக்கு அனுப்பும்போது தந்த நோய் அட்டையைத் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டினாள்.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்தேன். சாராயப் போத்தல் ஒன்றுகூட இல்லை. பேணியும் இல்லை. வலையை என் மச்சான் முறையான ஒருவன் பார்த்துக்கொண்டான். சவரிமுத்து வரவில்லை. நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டி வரும் என்று எனக்குத் தெரியும்.

புதன்கிழமை காலை கோவில் பெண்கள் ஆறு பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். நான் அறையில் படுத்திருந்தேன். அம்மா இப்பதான் கண்ணயர்ந்தா என்று சொல்லி ரெஜினா அவர்களை வெளி அறையில் இருத்தினாள். இடையில் திரைச்சீலை மட்டும். தேத்தண்ணியும் பிஸ்கட்டும் போயின. அவர்கள் கதையிலிருந்துதான் எனக்கு விசயம் தெரியவந்தது.

ஞாயிறு பூசை முடிந்து வரும்போது, சம்மாட்டி வீட்டுப் பெண்ணைப் பற்றி அவதூறு கதைத்ததற்கு மன்னிப்புக் கேள் என்று கோவில் மூப்பர் சவரிமுத்துவை மறித்தாராம். குடிகாரன் வாயால் வந்த கதை என்று எல்லோரும் சிரித்தார்களாம். அவன் அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் போய் நின்று, "இண்டையிலிருந்து ஒரு துளி தொடமாட்டன். உயிர்த்த ஞாயிறு அண்டைக்குக் குடிக்காத வாயால வந்து இதையே சொல்லுவன். அப்பவாவது நம்புவீங்கதானே" என்றானாம்.

"அவனாவது விடுறதாவது" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

நான் படுக்கையில் விரலை மடித்தேன். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன்.

அந்த நேரம் பார்த்துத்தான் எலிசா வந்தாள், சவரிமுத்துவின் பெண்சாதி. வாசலில் நின்று ரெஜினாவிடம் கதைத்த குரல் கேட்டது.

"மகள், அந்தாளுக்குக் கை காலெல்லாம் நடுங்குது. ரெண்டு ராவா நித்திரையில்ல. சுவரெல்லாம் எறும்பு எண்டு தட்டிக்கொண்டு நிக்கிறார். அக்காக்கும் நடுக்கம் எண்டாங்களே, அங்க என்ன மருந்து குடுத்தாங்க எண்டு கேக்கத்தான் வந்தனான்."

"அம்மாக்கு உப்புக் குறைவு. இது வேற. காய்ச்சலாயிருக்கும், பனடோல் குடுங்க" என்றாள் ரெஜினா.

நான் எழுந்து உட்கார்ந்தேன். திரைச்சீலைக்கும் எனக்கும் நாலடி தூரம். விலக்கிக்கொண்டு வெளியே போய், ஆளை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஆறு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். உனக்கு எப்படித் தெரியும் என்று அந்த ஆறு முகமும் கேட்கும். நான் திரைச்சீலையின் பூக்களைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். எலிசாவின் செருப்புச் சத்தம் மணலில் இறங்கிப் போனது.

இவர்கள் போகட்டும், போனதும் சொல்லலாம் என்று நினைத்தேன். அவர்கள் போகவில்லை. எனக்காக ஒரு செபமாலை சொல்லிவிட்டுப் போகலாம் என்று தொடங்கினார்கள். ஐந்து பத்து மணியும் முடிந்து, மாதா மன்றாட்டு முடிந்து, இன்னொரு தேத்தண்ணியும் குடித்து எழும்ப ஒன்றரை மணித்தியாலம். என் சுகத்துக்காக அவர்கள் மன்றாடிய ஒவ்வொரு அருள்நிறை மரியேயையும் நான் உள்ளேயிருந்து எண்ணினேன்.

கடைசிப் பெண் படி இறங்கியதும் ரெஜினாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் முகம் வெளிறியது. அந்த விசயத்தில் அவளைக் குறை சொல்ல மாட்டேன். செருப்புப் போடாமல் ஓடி முச்சக்கர வண்டி பிடித்தாள். அவள் போய்ச் சேர்ந்தபோது சவரிமுத்து இரண்டாவது வலிப்பில் இருந்தானாம். வழியில் மூன்றாவது. வியாழன் விடிய ஆஸ்பத்திரியில் உயிர் போனது. இன்னும் கொஞ்சம் வெள்ளெனக் கொண்டு வந்திருந்தால் என்று அங்கே சொன்னார்களாம். எவ்வளவு வெள்ளென என்று ரெஜினா கேட்கவில்லை. நான் கேட்கத் தேவையில்லை, அந்தக் கணக்கு எனக்குத் தெரியும்.

சவ அடக்கத்துக்குப் போனேன். நடக்க முடியாது என்று ரெஜினா மறித்தாள், போனேன். "குடிச்சே செத்தான்" என்று மூப்பர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி, கரையில் ஆட்களைக் கூப்பிடுகிற குரலில் சொன்னேன்.

"குடிச்சுச் சாகேல்ல. ஒரேயடியா விட்டுத்தான் செத்தவன். நீங்க நம்போணும் எண்டு விட்டவன். அவன் சொன்னது உண்மை. நான் பத்து வருசமாக் குடிக்கிறன். எனக்கு வந்ததும் இதுதான்."

பிறகு மூப்பர் வந்து என் தோளை மெதுவாகப் பிடித்தார். "பாவம், இன்னும் தெளியேல்ல" என்றார் ரெஜினாவிடம். பெண்கள் தலையை ஆட்டினார்கள். ஒருத்தி என் நெற்றியில் கை வைத்துச் சூடு பார்த்தாள். யாரோ ஒரு கதிரை கொண்டுவந்து என்னை இருத்தி, வெயில் படாமல் குடை பிடித்தார்கள். வாழ்நாளில் அவர்கள் என்னிடம் அவ்வளவு அன்பாக இருந்ததில்லை. வேண்டிய நாளில் சொல்லாத உண்மையை வேண்டாத நாளில் சொன்னேன். அதுவும் என் வருத்தத்தின் கணக்கிலேயே போய்ச் சேர்ந்தது.

எலிசா மட்டும் தலையை ஆட்டவில்லை. பெட்டியின் மறுபக்கத்திலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மண் போட்டு முடிந்து சனம் விலகியதும் என் கதிரைக்கு முன்னால் வந்து நின்றாள். அவள் நம்பிவிட்டாள் என்று எனக்கு விளங்கியது. அந்தக் கூட்டத்தில் என்னை நம்பினது அவள் ஒருத்திதான்.

"அக்கா" என்றாள். "புதன்கிழமை நான் வாசல்ல நிண்டு கேக்கேக்க, நீங்க உள்ள முழிச்சிருந்தீங்களா?"

"ஓம்" என்றேன்.